ராம்பூரி முதல் சுவிஸ் ராணுவக் கத்தி வரை: நின்றுபோன மடக்குக் கத்திகள் திரும்ப வருமா? கோவைக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பழைய இந்திப் படங்களில் வில்லன் கையை உதறுவார். 'கர்ர்ர்...' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி, ஒரு சாண் நீளக் கத்தி விரிந்து நிற்கும். அந்தக் கத்திக்கு ஒரு ஊர் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். அதனால்தான் அதன் பெயர் 'ராம்பூரி'.

இந்தியாவில் இவ்வளவு பேர் வாங்கிய மடக்குக் கத்தி வேறொன்று இல்லை. ஆனால் படத்தில் பார்த்த அந்த நீளமான ராம்பூரி இன்று கடையில் கிடைக்காது. செய்யத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. பழைய பொருள் சேகரிப்பவர்கள் 'மறுபடி வருமா?' என்று கேட்கிறார்கள்.

இதே கேள்வி ஜப்பானிலும் இருக்கிறது, சுவிட்சர்லாந்திலும் இருக்கிறது. நிறுத்தப்பட்ட மாடல் திரும்ப வராதா என்று காத்திருக்கும் கத்தி சேகரிப்பாளர்கள் உலகம் முழுக்க உண்டு. சில கத்திகள் திரும்பி வந்தன, சில வரவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? சட்டம் என்ன சொல்கிறது? கொங்கு நாட்டுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மடக்குக் கத்தியில் அப்படி என்ன இருக்கிறது?

சாதாரணக் கத்திக்கு அலகும் பிடியும் போதும். மடக்குக் கத்தி அப்படியில்லை. அது ஒரு சின்ன இயந்திரம்.

அலகு திரும்புவதற்கு ஒரு அச்சு ஆணி வேண்டும். விரித்த அலகு கையில் மடங்காமல் இருக்க ஒரு ஸ்பிரிங் அல்லது பூட்டு வேண்டும். மூடும்போது அலகு பிடிக்குள் உரசாமல் உட்கார வேண்டும். இதில் ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் கத்தி ஆடும், இல்லையென்றால் விரல் வெட்டுப்படும்.

அதனால்தான் ஒவ்வொரு ஊரும் தனக்கென ஒரு பூட்டு, ஒரு பிடி, ஒரு வடிவம் என்று உருவாக்கியது. சேகரிப்பவர்களை இழுப்பதும் அதுதான். கூர்மையைவிட, அந்த மெக்கானிசமும் செய்தவரின் கைவேலையும்தான் அவர்கள் தேடுவது.

ராம்பூரி: நவாப் ஊரில் பிறந்த கத்தி

மொராதாபாத்துக்கும் பரேலிக்கும் நடுவில் இருக்கும் ஊர் ராம்பூர். 1774ல் நவாப் பைசுல்லா கான் காலத்தில் உருவான சமஸ்தானம். இந்தியாவின் முக்கியமான கையெழுத்துச் சுவடி நூலகங்களில் ஒன்றான ரசா நூலகமும் இங்கேதான் இருக்கிறது.

நவாப்களின் படைக்கு வாள் செய்து கொடுத்த கொல்லர்கள் இந்த ஊரில் இருந்தார்கள். துப்பாக்கி வந்தது. வாளுக்கு வேலை குறைந்தது. வாள் செய்த கைகள் கத்தி பக்கம் திரும்பின. சட்டைக்குள்ளோ இடுப்பிலோ மடக்கி வைத்துக்கொள்ளக்கூடிய கத்தி அப்படித்தான் இந்த ஊரின் அடையாளம் ஆனது. கத்திக் கடைகளுக்காகவே 'சாக்கு பஜார்' என்று ஒரு கடைவீதியும் உண்டானது. இந்தியில் சாக்கு என்றால் கத்தி.

பழைய ராம்பூரியின் அலகு 9 முதல் 12 அங்குலம் வரை இருக்கும். ஒரு பக்கம் மட்டும் கூர். பித்தளை, கொம்பு, மரம் என்று பிடியில் பல வகை. பிடியில் செய்யும் வேலைப்பாட்டை வைத்தே விலை ஏறும்.

அந்த 'கர்ர்ர்' சத்தம் எங்கிருந்து வருகிறது?

பலரும் நினைப்பது போல அது சினிமாக்காரர்கள் சேர்த்த சத்தம் மட்டும் இல்லை. கத்தியின் அமைப்பிலேயே அது இருக்கிறது.

அலகின் அடிப்பகுதியில், அச்சு ஆணியைச் சுற்றி, சின்னச் சின்ன பல் வெட்டியிருப்பார்கள். பிடியின் முதுகில் ஒரு இரும்பு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டு இருக்கும். அலகைத் திறக்கும்போது ஸ்பிரிங் ஒவ்வொரு பல்லாக ஏறி இறங்கும். சைக்கிளின் பின்சக்கரம் வெறுமனே சுற்றும்போது வருமே, அதே மாதிரி சத்தம்.

இதைத்தான் வடநாட்டில் 'கராரிதார்' கத்தி என்றார்கள். பொத்தானை அழுத்தினால் பூட்டு விடுபடும் வகை 'பட்டன்தார்'. இந்த இரண்டு பெயர்களும் பின்னாளில் அரசு அறிவிக்கையிலேயே இடம்பிடித்தன. அதுதான் ராம்பூரியின் தலையெழுத்தையும் மாற்றியது.

ஏன் நின்றுபோனது?

ஒரே காரணம் இல்லை. மூன்று காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன.

முதலாவது, சினிமா. 1965ல் வந்த 'வக்த்' படத்தில் நடிகர் ராஜ்குமார் கத்தியை வைத்துப் பேசும் காட்சி இந்தி ரசிகர்களிடம் இன்றும் பிரபலம். 1970களின் படங்களில் வில்லன் என்றாலே கையில் ராம்பூரி. இதனால் விற்பனை கூடியது. கூடவே, 'இது ரவுடிகளின் கத்தி' என்ற முத்திரையும் விழுந்தது.

இரண்டாவது, சட்டம். 1980 அக்டோபரில் டெல்லி நிர்வாகம் ஒரு அறிவிக்கை வெளியிட்டது. ஸ்பிரிங்கில் இயங்கும் கத்தி, கராரிதார் கத்தி, பட்டன்தார் கத்தி உள்ளிட்டவற்றில் அலகு 7.62 செ.மீ. நீளமோ அதற்கு மேலோ, 1.72 செ.மீ. அகலமோ அதற்கு மேலோ இருந்தால் கட்டுப்பாடு. அதாவது 3 அங்குலம்தான் எல்லை. ராம்பூரிக்குப் பக்கத்திலேயே இருந்த பெரிய சந்தை இப்படிக் கைவிட்டுப் போனது.

பிறகு 1990களின் நடுவில் உத்தரப் பிரதேசத்திலேயே நாலரை அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுக்குத் தடை வந்தது. 9 முதல் 12 அங்குலம் என்பதுதான் ராம்பூரியின் அடையாளம். அதை நாலரை அங்குலமாகச் சுருக்கினால் எப்படி இருக்கும்? வேட்டியைக் கைக்குட்டை அளவுக்கு வெட்டிக் கொடுத்த மாதிரிதான்.

மூன்றாவது, விலை. கையால் அடித்து, அறுத்து, தேய்த்துச் செய்யும் கத்தி ஒரு பக்கம். இயந்திரத்தில் ஆயிரக்கணக்கில் வரும் மலிவான கத்தி மறுபக்கம். பழம் நறுக்கவும் கயிறு அறுக்கவும் வாங்குபவர்கள் மலிவானதை எடுத்தார்கள். கொல்லர்களின் அடுத்த தலைமுறை வேறு தொழிலைத் தேடிப் போனது.

ஊர் நடுவில் 20 அடிக் கத்தி, பட்டறையில் ஆளில்லை

2023 மார்ச்சில் ராம்பூரில் ஒரு வித்தியாசமான திறப்பு விழா நடந்தது. ஊர் முக்கியச் சந்திப்பில் 6.10 மீட்டர் நீளத்தில், அதாவது சுமார் 20 அடியில், ஒரு ராம்பூரி கத்தியை நிறுவினார்கள். உலகிலேயே பெரிய கத்தி என்ற அறிமுகத்தோடு அது திறக்கப்பட்டது. அந்த இடத்தின் பெயரே 'சாக்கு சவுராஹா', அதாவது கத்தி நாற்சந்தி ஆனது. சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கிறார்கள்.

சந்தோஷமான விஷயம்தான். ஆனால் சிலை வைத்ததால் சட்டம் மாறவில்லை. நாற்சந்தியில் 20 அடிக் கத்தி நிற்கலாம், பக்கத்துப் பட்டறையில் 9 அங்குலக் கத்தி செய்ய முடியாது. இன்றைக்கு ராம்பூரிக்கு இருக்கும் சிக்கல் இதுதான். பெயரைக் காப்பாற்றியாகிவிட்டது. தொழிலைக் காப்பாற்றுவது இன்னும் பாக்கி.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் இதற்கு அடிப்படை, 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். துப்பாக்கி மட்டும் இல்லை, கூர்மையான ஆயுதங்களும் இதற்குள் வரும். முக்கியமான விஷயங்கள் இவை:

• தாக்குவதற்கோ தற்காப்புக்கோ என்று வடிவமைத்த பொருள்தான் 'ஆயுதம்'. வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே செய்த பொருட்களுக்கு விலக்கு உண்டு.

• 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் அட்டவணைப்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழிற்சாலை வேலைகளுக்காகச் செய்தவை இதில் சேராது.

• சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, ஒரு பகுதியில் குறிப்பிட்ட வகை ஆயுதம் வைத்திருக்க உரிமம் கட்டாயம் என்று அறிவிக்கலாம். டெல்லியில் 3 அங்குல எல்லை வந்தது இந்த வழியில்தான்.

• அந்த அறிவிக்கையை மீறி வைத்திருந்தால் சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

• பட்டியலில் உள்ள ஆயுதங்களைத் தயாரிக்கவும் விற்கவும் தனி உரிமம் தேவை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ஊரில் பிரச்சினை இல்லாத கத்தி, இன்னொரு ஊரில் வழக்காகலாம். கோவையிலிருந்து பையில் போட்டுக்கொண்டு டெல்லியில் இறங்கினால், அங்கே இருக்கும் அளவுதான் செல்லும். விமானத்தில் போகிறவர்களுக்கு இன்னும் எளிமையான விதி: கைப்பையில் கத்தி கூடவே கூடாது. செக்-இன் பையில்தான் வைக்க வேண்டும்.

அப்புறம் அரிவாள் மட்டும் எப்படித் தப்பித்தது?

நியாயமான கேள்விதான். தமிழ்ப் படங்களில் ராம்பூரி செய்த வேலையை அரிவாள் செய்தது. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தெரியாதவர் யார்? ராம்பூரியைவிட நீளம், கனம், பயம் எல்லாமே அதிகம். ஆனாலும் கொல்லுப் பட்டறைகளில் இன்றும் அரிவாள் அடிக்கிறார்கள், சந்தையில் விற்கிறார்கள்.

காரணம், அரிவாளுக்குத் தினமும் வேலை இருக்கிறது. தேங்காய் வெட்ட, கரும்பு வெட்ட, வேலி முள் கழிக்க, தென்னை மட்டை உரிக்க. பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்பில் அரிவாள் இல்லாமல் ஒரு நாள் ஓடுமா? கொங்குப் பக்கத்தில் கொடுவாள் இல்லாத விவசாய வீடு உண்டா? சட்டமும் அதை விவசாயக் கருவி என்றே பார்க்கிறது. அதே அரிவாளைத் தூக்கிக்கொண்டு தெருவில் மிரட்டினால் அது வேறு கதை, அப்போது அது வழக்குதான்.

ராம்பூரிக்கு அப்படி ஒரு தினசரி வேலை அமையவில்லை. 12 அங்குல மடக்குக் கத்தியை வைத்து வெங்காயம் நறுக்குகிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் சட்டம் வந்தபோது அதைக் காப்பாற்ற ஒரு காரணம் கிடைக்கவில்லை.

ஜப்பானில் நடந்தது கிட்டத்தட்ட இதே கதை

ஜப்பானில் 'ஹிகோ நோ காமி' என்று ஒரு மடக்குக் கத்தி. 1890களில் ஹியோகோ மாகாணத்தின் மிகி நகரில் பிறந்தது. மடித்த உலோகத் தகட்டுப் பிடி, ஒரு அலகு, திறக்க ஒரு சின்ன நெம்பு. அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ இதைத்தான் வைத்திருந்தார்கள்.

1960 அக்டோபர் 12ல் சோசலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசானுமா மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போது 17 வயது இளைஞர் ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது ஒரு குறுவாளால். மடக்குக் கத்தியால் இல்லை. ஆனாலும் 'பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்' என்ற இயக்கம் நாடு முழுக்கப் பரவியது. பென்சில் சீவும் கருவியும் மாறியது. ஹிகோ நோ காமி விற்பனை சரிந்தது.

அந்தப் பெயரைப் பயன்படுத்த உரிமை உள்ள தயாரிப்பாளராக இன்று மிஞ்சியிருப்பது நாகாவோ கானெகோமா என்ற ஒரே பட்டறை. ஆனால் அந்த ஒரு பட்டறை இருப்பதால்தான் கத்தி இன்னும் உயிரோடு இருக்கிறது. உலகம் முழுக்க சேகரிப்பவர்கள் அதை வாங்குகிறார்கள். சின்ன அளவு, எளிய வடிவம், பென்சில் சீவலாம் என்ற ஒரு வேலை. இந்த மூன்றும் கைகொடுத்தன.

சுவிஸ் ராணுவக் கத்தி: நிறுத்தினார்கள், ஆனால் மறையவில்லை

சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் கார்ல் எல்ஸ்னர் 1884ல் தொடங்கிய பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ். சுவிஸ் ராணுவ வீரர்களுக்கான முதல் கத்திகளை ஜெர்மனியின் சோலிங்கன் நகரம்தான் செய்து கொடுத்தது என்பது பலருக்கும் தெரியாது. 1891ல் எல்ஸ்னர் அந்த வேலையை உள்ளூருக்குக் கொண்டு வந்தார்.

ராணுவ வீரர்களின் '1961 மாடல்' கத்தி, 93 மி.மீ. நீளம், வெள்ளி நிற அலுமினியப் பிடி கொண்டது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. 2008ல் ராணுவம் புது மாடலுக்கு மாறியது. அது 111 மி.மீ. நீளம், பச்சை-கறுப்புப் பிடி, ஒரே கையால் திறக்கலாம், மரம் அறுக்கும் ரம்பமும் உண்டு. வேலைக்கு அது வசதி. ஆனால் பழசை விரும்பியவர்களுக்கு மனசு ஆறவில்லை.

நல்லவேளை, அதே வெள்ளிப் பிடிக் குடும்பத்தில் 'பயனியர்' என்ற மாடலைப் பொதுமக்களுக்கு விக்டோரினாக்ஸ் தொடர்ந்து விற்கிறது. ராணுவ முத்திரைதான் இல்லை. ஆண்டு எண் அச்சிட்ட பழைய ராணுவக் கத்தியைச் சேகரிப்பவர்கள் தனியாகத் தேடுகிறார்கள்.

இன்னொரு சுவிஸ் நிறுவனம் வெங்கர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்களில் கத்திக்குத் தடை வந்தது. விமான நிலையக் கடைகளில் பரிசாக விற்ற கத்திகளின் வியாபாரம் விழுந்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் அடி. 2005ல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கியது. பிறகு வெங்கர் பெயரில் கத்தி வருவது நின்றது. ஆனால் அதன் வளைந்த பிடி வடிவங்கள், வெங்கர் இருந்த ஊரின் பெயரால் 'டெலேமோன்' வரிசை என்று விக்டோரினாக்ஸ் பெயரிலேயே மறுபடி வந்தன.

2024ல் இன்னொரு செய்தி. கத்திக் கட்டுப்பாடுகள் கூடிக்கொண்டே போவதால், அலகே இல்லாத பாக்கெட் கருவி ஒன்றை உருவாக்கி வருவதாக விக்டோரினாக்ஸ் சொன்னது. வழக்கமான கத்தியும் தொடரும் என்று கூடவே சொன்னது.

பிரான்ஸின் ஓபினல் கதை இன்னும் எளிது. 1890ல் ஜோசப் ஓபினல் உருவாக்கிய மரப்பிடிக் கத்தி. அளவுக்கு ஏற்ப 1 முதல் 12 வரை எண் கொடுத்தார்கள். பிறகு எண் 1ஐயும் எண் 11ஐயும் நிறுத்திவிட்டார்கள். ஒன்று ரொம்பச் சின்னது. இன்னொன்று 10க்கும் 12க்கும் நடுவில் தேவைப்படவே இல்லை. சட்டம் இல்லை, சர்ச்சை இல்லை. வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மற்ற எண்கள் இன்றும் விற்கின்றன. ஏன்னா, ரொட்டி, பாலாடைக்கட்டி வெட்டுவதிலிருந்து தோட்ட வேலை வரை அதற்கு வேலை இருக்கிறது.

கொங்கு நாட்டுக்கும் கத்திக்கும் என்ன தொடர்பு?

இரும்பு வேலை கொங்கு மண்ணுக்குப் புதுசு இல்லை. ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது கொடுமணல். சங்க இலக்கியத்தில் 'கொடுமணம்' என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1980களின் நடுவில் தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், மூசைகளைப் பயன்படுத்தி எஃகு செய்ததற்கான தடயங்களும் இங்கே கிடைத்தன. மணிகள் செய்த பட்டறைகளும் இருந்தன. உலகம் 'வூட்ஸ்' என்று அழைக்கும் எஃகு, தென்னிந்தியாவின் 'உருக்கு' மரபிலிருந்து போனதுதான்.

கூர்மையான பொருளில் கோவைக்கென்று ஒரு நின்றுபோன டிசைனும் உண்டு. அது கத்தி இல்லை, சவரக் கருவி. கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்த ஜி.டி. நாயுடு, உலர் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்து 'ரசான்ட்' என்ற ரேசரை உருவாக்கினார். மிக மெல்லிய சவர பிளேடும் அவர் செய்தார். இன்றைக்கு ட்ரிம்மர் வாங்குகிற யாருக்கும் அந்த யோசனையின் அருமை புரியும். ஆனால் ரசான்ட் இன்று கடையில் இல்லை. அவிநாசி சாலையில் 2025ல் திறந்த பெரிய மேம்பாலத்துக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கிறது.

ராம்பூருக்கும் கோவைக்கும் இந்த விஷயத்தில் ஒரு ஒற்றுமை தெரிகிறதா? பெயர் ஊருக்குள் பெரிதாக நிற்கிறது, பொருள் நின்றுவிட்டது.

எதிர் உதாரணமும் கோவையிலேயே இருக்கிறது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். கல்லும் மோட்டாரும் சேர்ந்த அந்தப் பொருளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது நிற்பது குறியீட்டால் மட்டும் இல்லை. காலையில் இட்லி, தோசை வேணும் என்கிற வரைக்கும் அதற்கு வேலை உண்டு. பெரிய கிரைண்டரை வைக்க இடமில்லாத வீடுகள் வந்தபோது, டேபிள்டாப் என்று வடிவத்தைச் சுருக்கினார்கள். பொருள் தப்பித்தது.

கோவையில் இந்தக் கத்தியைச் செய்ய முடியாதா?

தொழில்நுட்பமாகப் பார்த்தால் இது பெரிய விஷயமே இல்லீங்க. மடக்குக் கத்திக்குத் தேவையான வேலைகள் எவை? எஃகுத் தகட்டை லேசரில் வெட்டுவது, ஹீட் ட்ரீட்மென்ட் செய்வது, கிரைண்டிங், பாலிஷ், துல்லியமாகத் துளை போட்டு ரிவெட் அடிப்பது. பம்ப், மோட்டார், ஜவுளி இயந்திர பாகங்கள் செய்யும் கோவையின் சின்னப் பட்டறைகளுக்கு இவை அன்றாட வேலை.

தடை இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, சட்டம். பட்டியலில் வரும் அளவிலோ வகையிலோ செய்தால் உரிமம் இல்லாமல் செய்வது குற்றம். 'டிசைன்தானே, ஷோகேஸுக்குத்தானே' என்ற விளக்கம் அங்கே உதவாது.

இரண்டாவது, சந்தை. சேகரிப்பவர்கள் ஆசையாகக் கேட்பார்கள். ஆனால் எண்ணிக்கை குறைவு. ஒரு அச்சு, ஒரு டை செய்யும் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும். நூறு பேரின் ஆசையை வைத்து ஒரு மாடலை மறுபடி தொடங்க எந்த நிறுவனமும் யோசிக்கும்.

சரி, திரும்ப வந்த கத்திகள் எப்படி வந்தன?

உலக அனுபவத்தைப் பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன.

1. குறைந்த எண்ணிக்கையில் ஒரே ஒரு முறை. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம் இதை 'ஸ்பிரின்ட் ரன்' என்கிறது. நிறுத்திய மாடலையோ, புது எஃகில் பழைய மாடலையோ குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டும் செய்வார்கள். தீர்ந்தால் தீர்ந்ததுதான். எத்தனை விற்கும் என்ற பயம் இல்லாததால் நிறுவனத்துக்கும் நஷ்டம் இல்லை.

2. வேறு பெயரில் தொடர்வது. வெங்கர் வடிவங்கள் டெலேமோன் ஆன மாதிரி.

3. சட்டத்துக்கு ஏற்ப வடிவத்தை மாற்றுவது. பிரிட்டனில் பூட்டு இல்லாத, 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமலும் வைத்துக்கொள்ளலாம். அந்த அளவுக்கென்றே நிறுவனங்கள் தனி மாடல் செய்தன.

4. ஒரு பட்டறை விடாமல் பிடித்துக்கொள்வது. ஹிகோ நோ காமி தப்பித்தது இப்படித்தான்.

ராம்பூரிக்கு மூன்றாவதும் நான்காவதும்தான் நடைமுறைக்கு ஒத்து வரும். நாலரை அங்குலத்துக்குள், அதே பித்தளைப் பிடியும் வேலைப்பாடும் வைத்து, பழம் நறுக்கும் கத்தியாகவோ பரிசுப் பொருளாகவோ விற்பது. கூர் இல்லாத அலங்காரப் பொருளாகச் செய்வது இன்னொரு வழி. நீளம் போனாலும் கைவேலை மிஞ்சும்.

'அது ராம்பூரியே இல்லை' என்று சேகரிப்பவர்கள் சொல்லலாம். அவர்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கொல்லருக்கு இன்றைக்கு ஒரு ஆர்டர் வேண்டும். அவர் தொழிலை விட்டுவிட்டால், நாளைக்குச் சட்டமே தளர்ந்தாலும் அந்தப் பல் வெட்டிய அச்சைச் செய்யக் கை இருக்காது.

போலீஸ் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மடக்கி மறைக்கக்கூடிய நீளக் கத்தி, கோபத்தில் இருக்கும் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால் பழைய நீளத்திலேயே ராம்பூரி திரும்ப வரும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்தான்.

சேகரிப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

• வாங்கும் முன் அலகின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். பொத்தான், ஸ்பிரிங் வகை என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

• சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலோ, கோவை மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்திலோ ஆயுத உரிமப் பிரிவில் கேட்டுவிடுங்கள். விற்பவர் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வது சட்டம் ஆகாது.

• சேகரிப்பு வீட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது.

• கத்தியைக் காட்டி ரீல்ஸ் எடுத்துப் போடாதீர்கள். தமிழகத்தில் ஆயுதத்தோடு வீடியோ போட்டவர்கள் மீது போலீஸ் வழக்குப் போடுவது வாடிக்கையாகிவிட்டது.

• 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருட்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் ஆகலாம். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

• பழைய கத்தியைப் பளபளவென்று தேய்க்காதீர்கள். துருவை மெதுவாக எடுத்து, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே போதும். சாணை பிடித்துவிட்டால் பழைய மதிப்பு குறையும்.

சுருக்கமாக...

• ராம்பூரியின் பழைய நீளத்தை நிறுத்தியது முக்கியமாகச் சட்டம். டெல்லியில் 3 அங்குலம், உத்தரப் பிரதேசத்தில் நாலரை அங்குலம்.

• 2023ல் ராம்பூரில் 20 அடிக் கத்திச் சிலை வந்தது. தயாரிப்புக் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது.

• அரிவாள், ஓபினல், சுவிஸ் கத்தி ஆகியவை தப்பித்ததற்குக் காரணம் அவற்றின் தினசரி வேலை.

• பழைய அளவில் ராம்பூரி திரும்புவது கடினம். சின்ன அளவில், கைவேலையோடு தொடர வாய்ப்பு இருக்கிறது, வாங்க ஆள் இருந்தால்.